காதர் மைதீன் காரும் பச்சைச் சேலையும்

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்.
1961 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சிவகாமசுந்தரிக்கு அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே அம்மா. துறைமுகத்தில் மூட்டைக் கொக்கி பிடித்த கை, பேனாவையும் அப்படியே பிடிக்கிறது. எழுத்துகள் கோட்டில் ஏறி நிற்கப் பார்த்து வழுக்கி விழுகின்றன, சில ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன, மன்னித்துப் படி. இதுவரை வந்த கடிதமெல்லாம் அடுத்த வீட்டு அழகப்பன் எழுதியது, நான் ஒன்று சொன்னால் அவன் தன் புத்திமதி இரண்டைச் சேர்த்து எழுதுவான். இது முதியோர் வகுப்புக்குப் போனபின் நானே எழுதும் முதல் கடிதம், தப்பும் என்னுடையதே. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். காதர் மைதீன் கார் மட்டும் உடம்புக்கு முடியாமல் கிடந்து இப்போது தேறியிருக்கிறது. அங்கே நீயும் உன் தோழிகளும் உங்கள் காரும் நலமாக இருக்கப் பிள்ளையார் துணை.

காதர் மைதீன் காரைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். சீமையில் நர்ஸ் படிப்புக்கு லீவு விட்டதும் நீயும் ஈப்போ சீனப் பெண்ணும் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் சேர்ந்து பச்சை மோரிஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி ஸ்காட்லாந்து வரை போகப் போகிறோம், நானும் ஓட்டுவேன் என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் மகள் கார் ஓட்டுகிறாள் என்று படித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, எதிர்வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காருக்குப் பூசை போட்டாங்களா, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சாங்களா, அதை எழுதியிருக்காளா பாருங்க என்றாள். கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினேன், எலுமிச்சம்பழம் இல்லை. பூசை போடாத வண்டியில பொட்டப் புள்ளைங்க மலைமேல போகுதா, எங்கயாவது நடுவழியில நின்னுச்சுன்னு தெரிஞ்சா படிச்சது போதும், அடுத்த கப்பல்ல ஏறி வரச்சொல்லிருவேன் என்று சொல்லிவிட்டாள். உன் அம்மா சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியும். நீ நர்ஸாகித் திரும்ப வேண்டுமே என்று எனக்கு அன்றிலிருந்து அதே கவலை.

போகாதே என்று எழுதினால் கடிதம் வந்து சேருமுன் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். அதனால் உன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். அதே மோரிஸ் கார் ஜவுளிக்கடைக் காதர் மைதீனிடம் இருக்கிறது, அதற்குப் பூசை போட்டால் உங்கள் காருக்குப் போய்ச் சேரும் என்றாள். நான் தயங்கினேன், இதோ வரும் ஞாயிறு அவர் மகள், உன் தோழி ஹலீமாவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வரவேண்டும், கல்யாண வேலையில் இருப்பவரை எப்படிக் கேட்பது. ஹலீமாதான், அத்தா, சுந்தரிக்காகத்தானே, குடுங்க என்று சொல்லிவிட்டாள். நம் தெருவில் போட்டால் எல்லோரும் கேலி செய்வார்கள் என்று காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். குருக்கள் விவரம் கேட்டுவிட்டு, எந்தக் காருக்குப் பூசை போட்டாலும் சாமிக்கு விலாசம் தெரியும் என்று கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் காரை நகர்த்த வேண்டியவர் காதர் மைதீன். நான் பாட்டுக்கு முன்னால ஓட்டுறேன், கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுலா என்று வானத்தைப் பார்த்தபடி ஓட்டினார். பூசணிக்காயையும் நடுத்தெருவில் போட்டு உடைத்தோம், ஒரு பெரியவர் வழுக்கப் பார்த்தார், அடியில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவுக்குச் சந்தேகம், உன் கார் பச்சை, இது சாம்பல் நிறம், சாமி குழம்பிவிட்டால் என்ன செய்வது. தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சுங்குடிச் சேலையைக் கொண்டுவந்து காரின் முன்பக்கம் போர்த்திக் கட்டினாள். மறுநாள் காதர் மைதீன் காரைக் கடை வாசலில் நிறுத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, பாய், இதை நிறுத்தாதீங்க, இது நின்னா அங்க அதுவும் நின்னுரும் என்றாள். அவர் கும்பிடாத குறையாக, அக்கா, ராத்திரியாவது தூங்க விடுங்களேன் என்று கேட்டார். அந்தப் பிள்ளைகளும் ராத்திரி தூங்குமே என்று யோசித்து ராத்திரிக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். ஆகவே பகலில் கார் கடைச் சரக்கு ஏற்றி ஓடியது, தினம் சாயங்காலம் கடை வேலையை மனைவி சம்சுன்னிசாவிடம் விட்டுவிட்டு அவர் ஓட்ட, நான் முன்னால், உன் அம்மா பின்னால், கையில் முறுக்கு டப்பாவும் தண்ணீர்ச் சொம்பும். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் துறைமுகத்தையும் வீட்டையும் தவிர வேறு வழி அறியேன். உன்னால்தான் அம்மா சாங்கி பார்த்தேன், காத்தோங் கடற்கரை பார்த்தேன்.

தஞ்சோங் பகார் போனபோதுதான் வேடிக்கை. தொப்பி போட்ட பாய் ஓட்டும் காரில் பச்சைத் துணி போர்த்தியிருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள், தர்காவுக்குப் போர்வை போகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஓர் அம்மா கையைக் காட்டி நிறுத்தி மல்லிகைச் சரத்தைச் சேலைமேல் வைத்தாள், இன்னொருவர் சர்க்கரையும் ஊதுவத்தியும் சன்னல் வழியாக என் மடியில் போட்டார், பாய், என் பேரனுக்குப் பரீட்சை, ஓதிட்டு வாங்க என்று கேட்டுக்கொண்டார் ஒரு கிழவர். காதர் மைதீன் என் காதில், அண்ணே, இது கோயில்ல பூசை போட்ட வண்டி, ஸ்காட்லாந்து போயிட்டிருக்குன்னு இவங்ககிட்ட எப்படிலா சொல்றது என்று முனகினார். வாங்கியதைச் சேர்க்காமல் திரும்புவது பாவம் என்று தர்காவுக்கே விட்டார். அங்கே ஓதுகிற லெப்பை முழுக்கதையும் கேட்டு, சிரிப்பு தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்கள் நான்கு பேருக்கும் துஆ செய்தார், கிழவரின் பேரனையும் மறக்கவில்லை. லெப்பை ஓதிக் கொடுத்த சர்க்கரையை உன் அம்மா தினமும் ஒரு சிட்டிகை என் காப்பியில் போடுகிறாள்.

இனி நடந்ததைப் படித்துப் பதறாதே. பாசிர் பாஞ்சாங் கடலோரம் மேடு ஏறும்போது கார் இருமியது, புகை விட்டது, நின்றே போனது. எனக்கு மூச்சும் நின்றது. உன் படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். காதர் மைதீன் திரும்பாமலே, நிக்கலக்கா, சும்மா இளைப்பாறுது என்றார். பின்கதவு திறந்தது. உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, பாய், நீங்க எறங்காம அப்படியே இருங்க, ஏங்க, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, அங்க நாலு புள்ளைங்க ரோட்டுல நிக்குது, இங்க புகையப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே என்று அதட்டினாள். தள்ளினோம். அன்னாசிப்பழ லாரிக்காரச் சீனர் ஒருவர் இறங்கி வந்தார், வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரர் இருவர் வந்தார்கள். அதில் ஒருவர் எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார், உன் அம்மா இளைக்க இளைக்க, ஸ்காட்லாந்து என்றாள். அவர், அது ரொம்பத் தூரமாச்சே என்று சொல்லி இன்னும் பலமாகத் தள்ளினார். மேட்டின் உச்சியில் கார் உறுமிக்கொண்டு எங்களை விட்டுவிட்டு ஓடியது. உன் அம்மா நடுரோட்டில் நின்று கைதட்டினாள் சுந்தரி. வீடு வரும்வரை கப்பல் பேச்சே இல்லை. படியேறும்போது மட்டும், தள்ளினா போகுதே, இதுக்கா பயந்தேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. போய்த் திரும்பிவிட்டோம், கார் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை என்று நான் படித்தால் உன் அம்மா நம்பவில்லை. நீங்க நேத்துப் படிக்கக் கத்துக்கிட்டவரு, தெரிஞ்ச எழுத்தை மட்டும் படிப்பீங்க என்று அழகப்பனை அழைத்துவந்தாள். அவனும் அதையே படித்தான், எனக்குப் பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தது. உன் அம்மா உடனே, பார்த்தீங்களா, அங்க நிக்க வேண்டியதெல்லாம் இங்க நின்னுருச்சு என்றாள். காதர் மைதீன் அன்றே சேலையை அவிழ்த்து, கடையில் புதுச்சேலை மடிப்பது போல மடித்துக் கொடுத்துவிட்டு, காரைப் பட்டறையில் விட்டுச் சரிசெய்துவிட்டார். ஹலீமாவின் மாப்பிள்ளை தள்ளாமலே வந்து சேருவார்.

ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அடுத்த லீவில் காரைக் கப்பலில் ஏற்றிப் பிரான்சு தேசம் போகலாமா என்று யோசிக்கிறோம் என்று. நான் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டேன், பாழாய்ப்போன அழகப்பன் தாண்டவில்லை. அடுத்த கப்பல் என்று சொல்லப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் அம்மா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே ஜவுளிக்கடைக்குப் போனாள். பாய், ஹலீமா கல்யாணம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் நம்ம காரைக் கப்பல்ல ஏத்தணும், பக்கத்துல எந்தத் தீவுக்கு ஏத்திக்கிட்டுப் போவாங்கன்னு விசாரிச்சு வைங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் கார் பட்டறையிலிருந்து வந்ததுமே காதர் மைதீன் அதை ஜொகூரில் இருக்கும் மச்சான் நூர்தீன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார், கல்யாணத்தன்று காலையில்தான் வருமாம். உன் அம்மா கவலைப்படவில்லை. ஜொகூருக்குப் பாலம் இருக்குதே, நடந்தே போயிரலாம் என்கிறாள். பச்சைச் சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடியில் காயவைத்திருக்கிறாள், அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். நீயும் உன் தோழிகளும் நோய்நொடி இல்லாமல், படித்ததெல்லாம் மனதில் நின்று, பேரோடு வாழ வேண்டும். கார் நின்றால் எல்லோரும் இறங்கித் தள்ளுங்கள், ஓட்டுகிறவள் மட்டும் இறங்கக் கூடாது, இது அம்மா அடித்துச் சொன்னது. பிரான்சு போகும் தேதியை முன்னாலேயே எழுது, இங்கே ஏற்பாடு இருக்கிறது. வரும் வாரம் கல்யாணச் சாப்பாடு செரித்ததும் மாப்பிள்ளை வந்த கதையை இதே கோணல் கையால் எழுதி அனுப்புகிறேன். பார்த்து மெதுவாக ஓட்டம்மா, பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கராஜு
(நானே போட்ட கையெழுத்து)