ஊசிப்புழுவுக்கு நீ வைத்த பெயர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் நலம் என்று தொடங்கித்தான் பழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் நீ சமாளித்துவிடுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

தக்காளி போய்விட்டது. செடியெல்லாம் தீய்ந்து சருகாக நிற்கிறது. பார்வைக்கு நன்றாயிருந்த பழங்களைப் பெட்டியில் அடுக்கி மண்டிக்கு அனுப்பினோம். மண்டிக்காரர் காம்படியில் ஊசி குத்திய மாதிரி ஓட்டையைப் பார்த்தார், ஒன்றைப் பிளந்தார், வண்டியை அப்படியே திருப்பிவிட்டார். பழம் பறிக்கும் பெண்களுக்கும் வேலை இல்லை. அத்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை.

முதல் அந்துப்பூச்சியைப் பார்த்ததுமே தீப்பெட்டியில் போட்டு உனக்குத்தானே அனுப்பினேன்? பயிர்ப் பாதுகாப்பு ஆபீஸில் பூச்சியைப் பார்த்துப் பெயர் சொல்வதுதானே உன் வேலை? "சாதாரண காய்ப்புழுதான்க்கா, வழக்கமா அடிக்கிற மருந்தையே அடி" என்றாய். அடித்தோம். புழுவோ இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே உட்கார்ந்து தின்கிறது. மருந்து மேலே வழிந்து போனது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் உன் பேச்சைக் கேட்டுத்தான் அடித்தார்கள். என் தம்பி சொன்னால் சொன்னதுதான் என்று பீற்றிக்கொண்டவள் நான்தானே!

போன வாரம் இந்தப் பக்கத்து விவசாய ஆபீஸ் அம்மா வந்து ஒரு பொறி மாட்டினார். அதில் பெண் பூச்சியின் வாசனை வைத்திருக்கிறார்களாம். காய்ப்புழு வராதாம், ஊசிப்புழு என்கிற புதுப் புழுவின் ஆண் பூச்சி மட்டும்தான் அதற்கு மயங்கி வருமாம். காலையில் பார்த்தால் பசை அட்டையே தெரியவில்லை, அத்தனை பூச்சி. அப்போதும் உன்னைச் சந்தேகிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி ஆறுதல் சொல்லப் போன் செய்தாள். சூதுவாது தெரியாதவள். பொறியைப் பற்றிச் சொன்னதும், "எங்கப்பா நாத்துப் பண்ணையில அதை அப்பவே மாட்டியாச்சு அண்ணி. உங்க தீப்பெட்டி வந்த மறுநாளே இவர்தான் ஓடிப்போய் மாட்டினாரு. நல்லவேளை, விஷயம் பரவுறதுக்குள்ள நாத்தெல்லாம் வித்துப்போச்சு" என்றாள்.

நான் நட்ட நாற்றும் அந்தப் பண்ணையில் வாங்கியதுதானே? அடப்பாவி! பெயரைச் சொன்னால் அங்கே நாற்று விற்காது; மாமனார் கெட்டுவிடக் கூடாது, அக்கா கெட்டால் கெடட்டும், அப்படித்தானே?

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. "புதுப் பூச்சி, அவன் மட்டும் என்ன பண்ணுவான்" என்று அவர் உனக்காகப் பரிந்து பேசுகிறார். ஊரில் படித்தவன் கோட்டை விட்டுவிட்டான் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தெரிந்தே செய்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் நாற்று வாங்க எல்லாரும் உன் மாமனாரிடம்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் நீயே வந்து, அவர்கள் நடுவில் நின்று, அந்தப் பூச்சியின் பெயரைச் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். பக்கத்தில் நான் நிற்பேன்.

நீ வராவிட்டால் நான் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குத் தம்பி என்று ஒருவன் கிடையாது. என்னைச் சொல்ல வைத்துவிடாதேப்பா. பிள்ளை குட்டிகளோடு நன்றாயிரு.

அக்கா