நாடாவின் களைப்பு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மழை. பிறகு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கட்டடத்துப் பொது யந்திரத்தில் இன்று எங்கள் வீட்டு முறை, உடுப்புத் தோய்க்கும் நாள். இரண்டாம் மாடிக்காரி யந்திர வடிகட்டியில் பஞ்சை அப்படியே விட்டுவிட்டுச் சாவியைத் தந்திருக்கிறாள். முப்பது வருடம் மற்றவர்களின் அலுவலகங்களைத் துடைத்தவள் நான். கடதாசியில் எழுதி ஒட்டினேன். ஜெர்மனில். பிழை இருந்தால் இருக்கட்டும், விளங்கும்.

தோய்த்தது: விரிப்பு 4, துவாய் 9, மகள் ரஞ்சியின் வேலை உடுப்பு, பேத்தி ஜெ.யின் சட்டை 6. ஆறும் கறுப்பு. செத்தவீட்டுக்குப் போகிறவள் மாதிரி.

பக்கத்துப் பங்கரில் ஜெ. பயிற்சி. குண்டே விழாத இந்தச் சுவிஸ் நாட்டில் வீட்டுக்கு வீடு நிலத்தடியில் பதுங்குகிற பங்கர். அரையடிக் கொங்கிறீட் கதவு, உள்ளே வைன் போத்தலும் சறுக்குப் பலகையும், இப்போது என் பேத்தியின் கீபோர்ட்களும். கதவைச் சாத்தினால் ஒருவருக்கும் கேட்காது என்று நினைப்பு. தோய்க்கிற அறைக்கு எல்லாம் கேட்கும்.

ஒரு மாதமாக ஒரே பாட்டு. யாரோ சுவீடன்காரருடையது. பதினான்கு நிமிடம். தாளம் ஏழு. எண்ணிவிட்டேன். துவாய் மடிப்பதற்கு உதவாத தாளம்.

விஷயம் இதுதான். அந்தச் சுவீடன் குழுவில் கீபோர்ட் வாசித்தவருக்கு மணிக்கட்டு போய்விட்டது. குழுவின் தலைவன் சனிக்கிழமை இங்கே வந்து ஜெ. வாசிப்பதைக் கேட்கப் போகிறான். பிடித்தால் மே மாதத்திலிருந்து அவர்களோடு ஊர் ஊராக மேடை. ஆய்வுகூடத்தில் இரத்தக் குழாய்க்குப் பெயர் ஒட்டுகிற வேலையை விட்டுவிடலாம். மூன்று வருடம் முகத்தை நீட்டிக்கொண்டு போகிற வேலை. இதற்கு முன் இரண்டு குழு கேட்டுவிட்டு வேண்டாம் என்றன. இருபத்தாறு வயது. இது மூன்றாவது.

மேலே வரும்போது கேட்டாள்: "என்ன அம்மம்மா, கேட்டுக்கொண்டோ நிண்டனீங்கள்?"

"கேக்காமல் இருக்க என்ர காதென்ன அவிஞ்சு போச்சே?"

நன்றாக வாசிக்கிறாள். சொல்லவில்லை.


மார்ச் 5, வியாழன்

பனிப்புகார். முழங்கால் நோ. மருந்துக்கடை, கறிவேப்பிலை (வாடல்), தயிர்.

சாப்பாட்டு மேசையில் சண்டை. என் மகள் ரஞ்சிக்கு இந்தச் சுவீடன் கதையே பிடிக்கவில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் நின்றே கால் வீங்கிப் போனவள், நிரந்தர வேலையை விடுவதென்றால் அவளுக்குப் பயம். ஜெ. தாயைச் சமாதானப்படுத்தப் பாட்டுப் போட்டு விளங்கப்படுத்தினாள். நானும் கேட்டேன். இந்தச் சுவீடன், நோர்வே வடக்கத்தியான் இரண்டு சாதியாம்.

ஒன்று: பழையதைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்கள். ஐம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் வந்த சத்தம்தான் சத்தம். அதே ஓர்கன், அதே குழல், அதே தொங்குகிற சட்டைக் கை. அப்போது இவர்கள் தொட்டிலில். சிலர் பிறக்கவே இல்லை. பார்க்காத காலத்துக்கு ஏக்கம். நான் ஊரை விட்டு வந்த நாளிலிருந்து ஒரு நாள் ஏங்கியதில்லை. இவர்களுக்கு என்ன குறை? வீடு இருக்கிறது, நாடு இருக்கிறது.

இரண்டு: புதிது செய்கிறவர்கள். நோர்வேக்காரர் இதில் கெட்டிக்காரராம். ஒன்று போட்டாள். பிரிட்ஜ் நின்றுபோகிற சத்தம். பிறகு சாக்சபோன். பிறகு ஒருவன் கத்துகிறான். பல்லுப் பிடுங்கினானோ தெரியாது.

இந்த இரண்டுக்கும் சேர்த்து முற்போக்கு இசை என்று பெயர்.

"அம்மா, நீங்களும் முதல் சாதிதான்," என்றாள் ரஞ்சி. "பெரிய வெள்ளிப் புலம்பலிலை ஒரு எழுத்து மாத்த விடுறீங்களோ? போன வருசம் அந்தப் பெடிச்சி கிற்றார் கொண்டர நீங்கள் துரத்தினனீங்கள்."

இங்கே தமிழ்ப் பூசையில் தபசுகாலத்துப் புலம்பல் எடுப்பது நான். பதினெட்டு வருடமாக நான்தான்.

"அது ஆண்டவருக்கு," என்றேன். "இவங்கள் ஆருக்கு அழுறாங்கள்?"

ஜெ.க்குச் சிரிப்பில் தண்ணீர் புரைக்கேறியது. ரஞ்சி சிரிக்கவில்லை.


மார்ச் 7, சனி

வெயில். கண்ணாடி துடைத்தேன். அவனுக்காக இல்லை, அழுக்காக இருந்தது.

இரண்டு மணிக்கு வந்தான். மதியச் சத்தக் கட்டுப்பாடு முடியட்டும் என்று ஜெ. சொல்லியிருந்தாள். அறுபதுக்குக் கிட்ட வயது, இடுப்பு வரை நரைத்தாடி. பெயர் வாயில் நிற்கவில்லை, தாடி என்றே எழுதுகிறேன். சப்பாத்தைக் கழற்றினான், அதற்கு ஒரு புள்ளி. ரோல்ஸ் மூன்று தின்றான். மெதுவான ஜெர்மன் கதைத்தான், எனக்கும் விளங்குகிற அளவில்.

நானும் உடுப்புக் கூடையோடு கீழே போனேன். சனிக்கிழமையில் எனக்கு அங்கே அலுவல் இல்லை. கூடை கையில் இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

எழுதி வைக்க வேண்டியது ஜெ.யின் நாடாப்பெட்டி. செத்துப்போன ஒரு இசை ஆசிரியரின் வீட்டைக் காலி செய்தபோது அவளுக்குக் கிடைத்தது. நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். பார்வைக்குக் கீபோர்ட். கட்டையை அமத்தினால் உள்ளே ஒரு துண்டு ஒலிநாடா ஓடும், அதில் முன்பே பிடித்துவைத்த வயலினோ கோரசோ கேட்கும். எட்டு விநாடியில் நாடா முடிந்து சத்தம் நிற்கும். கையை எடுத்து மறுபடி அமத்த வேண்டும். இந்தப் பெட்டிக்குத்தான் தாடி மாதிரி ஆட்கள் உயிரை விடுகிறார்கள்.

நாடாக்கள் ஒரு சட்டத்தில் இருக்கும், கழற்றி வேறு சட்டம் போடலாம். ஜெ.யிடம் இரண்டு. ஒன்று பெட்டியோடு வந்த பழைய கோரஸ். மற்றது அவள் செய்வித்தது. போன ஐப்பசியில் என்னைக் குளியலறையில் நிற்க வைத்து, ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு சுரமாக, புலம்பல் இழுக்கிற குரலில் "ஆ" பிடித்தாள். முப்பத்தைந்து கட்டை. எனக்கு எட்டாத கீழ்ச்சுரங்களை மெதுவாக ஓடவிட்டு எடுத்தாள், கிழவன் குரல் மாதிரி வந்தது. எனக்குச் சளித் தடிமன் வேறு. "அதுதான் வேணும் அம்மம்மா," என்றாள். விசர்.

முதலில் அந்தப் பதினான்கு நிமிடப் பாட்டு, பழைய சட்டத்தில். ஒரு பிழை இல்லை. தாடி தலையாட்டினான். "சரி. நல்லது." அவ்வளவுதான். நான் இந்த மாதிரி "நல்லது" நிறையக் கேட்டிருக்கிறேன். ஆளை அனுப்புகிற நல்லது.

ஜெ.க்கும் விளங்கிவிட்டது. சட்டத்தை மாற்றினாள். "இன்னொன்று வாசிக்கலாமா?" என்று கேட்டு, அதே பாட்டின் நடுப்பகுதியை என் குரலில் வாசித்தாள்.

தாடி கண்ணை மூடினான். திறந்தபோது கண்ணீர்.

"இது எங்கே கிடைத்தது?" என்றான். "இந்தக் கோரஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் சில சட்டம்தான் செய்தார்கள். தேவாலயத்தில் பிடித்தது. ஐம்பது வருடம் தேடினாலும் கிடைக்காது. கேள், நாடாவின் களைப்புக் கேட்கிறது. இதைப் புதிதாகச் செய்யவே முடியாது."

களைப்பாம். அது என் சளி.

ஜெ. வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மே மாதம் வா. இந்தச் சட்டத்தோடு வா."

ஜெ. என்னைப் பார்த்தாள். நான் கூடையைப் பார்த்தேன்.


மார்ச் 8, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். கோயில் ஹீற்றர் வேலை செய்யவில்லை.

திரும்பும்போது பஸ்சில் ஜெ. சொன்னாள்: "நான் அவருக்கு உண்மையைச் சொல்லப் போறன்."

"உனக்கு விசரே? நீ ஒரு பொய்யும் சொல்லேல்லை. அவன்தான் தானாய் நினைச்சவன்."

"அவர் அழுதவர் அம்மம்மா."

"அழட்டும். ஆம்பிளையள் அழுறது நல்லது."

"நான் புதுசு செய்யத்தானே அதைச் செய்தனான். இப்ப அதையே பழசெண்டு விக்கச் சொல்லுறீங்களோ?"

"நான் ஒண்டையும் விக்கச் சொல்லேல்லை. வாயை மூடிக்கொண்டு போய் மேடையிலை ஏறு. ஏறினாப்பிறகு புதுசு பழசு பார்."

முன் சீற்றுச் சுவிஸ்காரி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

நான் சொன்னது சரிதான். இங்கே எத்தனை பேரை நான் அவர்கள் நினைத்தபடியே நினைக்க விட்டிருக்கிறேன். வேலை எடுக்கும்போது ஓட்டலில் வேலை செய்தவள் என்று ஒருத்தி நினைத்தாள். திருத்தினேனா? மூன்றாம் நாள் அவளுக்கே படுக்கை விரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஜெ. இங்கே பிறந்தவள். உண்மை சொன்னால் ஆட்கள் நன்றி சொல்வார்கள் என்று நினைக்கிறாள்.

இரவுக்குப் புட்டு. அவள் சாப்பிடவில்லை.


மார்ச் 10, செவ்வாய்

உடுப்பு நாள். வடிகட்டி சுத்தம். கடதாசி வேலை செய்திருக்கிறது.

சொல்லிவிட்டாள். நேற்று வேலையால் வந்த கையோடு குசினியில் நின்று போன் எடுத்தாள், எனக்கும் கேட்கச் சத்தத்தைத் திறந்துவிட்டு. நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அது என் அம்மம்மா, இந்த வீட்டுக் குளியலறையில் பிடித்தது, ஐந்து மாதம்கூட ஆகவில்லை என்றாள்.

பிறகு தாடி:

"உன்னிடம் இப்போதும் இருக்கிறதா? ஒரு கட்டை அமத்து."

போனில் பதிந்திருந்ததைப் போட்டாள். கேட்டான்.

"ஓம். இப்போது வேறு மாதிரி இருக்கிறது. இப்போது ஒரு வயதான பெண் பாடுவதுதான் கேட்கிறது."

அதே நாடா. அதே காது. இரண்டு நாள்.

பாதி உரித்த கிழங்கைத் தொட்டிக்குள் எறிந்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், ஊரிலும் இங்கேயும். இது போல ஒன்று சொன்னதில்லை. என் குரலை வெள்ளைக்காரக் கோரஸ் என்று நினைத்தபோது கண்ணீர். என் குரல் என்று தெரிந்ததும் கண் காய்ந்துவிட்டது. காதால் கேட்கிற ஆளே இல்லை. பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரை வாசிக்கிற ஆள்.

அதோடு முடிக்கவும் இல்லை. அவள் வாசிப்பு திறமாம், வரட்டுமாம். பழைய சட்டத்தைக் கொண்டுவரட்டும். புதியதையும் வேண்டுமென்றால் கொண்டுவரலாம், ஆனால் ஒருவர் கேட்டால் பழைய நாடா என்று சொல்லிவிடுவோம். "வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள்." புதன் மாலைக்குள் பதில்.

ரஞ்சி வேலை முடிந்து வந்து எல்லாம் கேட்டாள். மறுப்பாள் என்று பார்த்தேன். சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, "போ பிள்ளை," என்றாள். "அவன் சொல்லுறதைச் சொல்லு, வாசி. ஆர்தான் வேலையிலை தன்ர குரலிலை கதைக்கினம்? நான் இருவது வருசமாய்ச் சிரிச்சுக்கொண்டுதானே சூப் ஊத்துறன்."

என் மகளிடம் இப்படி ஒரு பேச்சு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

ஜெ. என்னைப் பார்த்தாள். "நீங்களும் அதைத்தானே சொன்னனீங்கள், அம்மம்மா?"

ஓம். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சொன்னேன். அதையே இன்னொரு முறை சொல்ல வாய் வரவில்லை. அதற்கு எதிராகச் சொல்லவும் வெட்கம். கிழங்கு அவிந்துவிட்டதா பார்க்கப் போனேன்.


மார்ச் 11, புதன்

காற்று. மாடத்துப் பூச்சட்டி ஒன்று விழுந்து உடைந்தது. கறிவேப்பிலைக் கன்று தப்பியது.

ஜெ. காலையில் வேலைக்குப் போகுமுன்பே எழுதி அனுப்பிவிட்டாள். மாட்டேன் என்று. ஒருவரையும் கேட்கவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு வரி. நன்றி என்று ஒரு சொல்லும் போட்டிருக்கிறாள், அதை நான் போட்டிருக்கமாட்டேன்.

ரஞ்சி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காதாம். ஒரு குடும்பத்துக்கே அந்த அறைதான்.

தாடியின் பதில் மத்தியானம் வந்ததாம். விளங்குகிறது, வாழ்த்துகள், ஒரு சிரித்த முகப் படம். ஆய்வுகூடத்தில் இருந்து ஜெ. எனக்கு அனுப்பினாள். அந்த வட்ட முகத்தை நிறைய நேரம் பார்த்தேன். அறுபது வயது.

ஆக, ஒன்றும் மாறவில்லை. அதே வேலை, அதே குழாய், அதே கறுப்புச் சட்டை. மூன்றாவது குழுவும் போனது. அடுத்தது வருமோ தெரியாது. அவளுடைய சொந்தக் குழுவில் மூன்று பேர், அதில் ஒருவனுக்கு ஏப்ரலில் கட்டாய இராணுவப் பயிற்சி.

ஐந்து மணிக்கு வந்தாள். மேலே வராமல் நேரே பங்கருக்கு. நானும் இறங்கினேன். உடுப்பு நாளும் இல்லை, கூடையும் எடுக்கவில்லை. முதல் மாடிக் கிழவர் படியில் கண்டு, "இன்று உங்கள் நாள் இல்லையே," என்றார். "எனக்குத் தெரியும்," என்றேன்.

அந்தக் கதவு கனம். இரண்டு கையாலும் இழுத்தேன். ஜெ. திரும்பிப் பார்த்தாள். உட்காரச் சறுக்குச் சப்பாத்துப் பெட்டியை என் பக்கம் காலால் தள்ளிவிட்டாள். இருந்தேன்.

சுவீடன் பாட்டு இல்லை. தானே கட்டுகிற ஒன்று. என் கீழ்க்குரலை முதலில் அமத்தினாள், அது முடியுமுன் மேற்குரல் ஒன்று, அது முடியுமுன் இன்னொன்று, ஒன்றின் மூச்சு அறுகிற இடத்தில் மற்றது ஏறுகிறது. ஏழு பேர் நான். புலம்பல் இல்லை. அழுகைக்கு இப்படிக் கால் முளைக்காது. தாளத்தை எண்ணினேன். ஐந்து. பிறகு ஒன்பது. பிறகு விட்டுவிட்டேன்.

முழுக்க என் குரல். நான் ஒரு நாளும் பாடாத பாட்டு. வேறு எங்கேயும் கேட்டதும் இல்லை, கோயிலிலும் இல்லை, அவளுடைய அந்த நோர்வேக்காரரிடமும் இல்லை.

கையை எடுத்தாள். "எப்பிடி?"

"நடுவிலை ஒரு இடம் வழுக்குது."

"எந்த இடம்?"

"திரும்ப வாசி. காட்டுறன்."