சரிவுப் பாதையில் விடுபட்ட பெயர்

ஜின்சி மோளே,

புட்டும் கடலைக்கறியும் மூடி வைத்திருக்கிறேன். நேற்றும் நீ சரியாகச் சாப்பிடவில்லை. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மோளி சேச்சியிடம் கொடு.

சேவைச் சங்கத்துச் செய்திமடலில் உன் பெயரைக் காணாமல், "சரிவுப் பாதைக்கு ஒரு வாரம் உக்காந்து பிளான் வரைஞ்சு கொடுத்தேன், திறப்பு விழாவுக்குக்கூடக் கூப்பிடலியே அம்மா" என்று அழுதாயே. சங்கத்தின் மேல் தப்பில்லை. போன மாதம் நான்தான் செயலாளர் பௌலோஸ் சேட்டனுக்குப் போன் செய்து, "அவளுக்குப் பரீட்சை வருது, இளைஞர் அணியிலேருந்து பேரை எடுத்துடுங்க. அவகிட்டே சொல்ல வேண்டாம்" என்றேன்.

இன்று காலை அவரே போன் செய்தார். இரண்டு வருஷமாக வீட்டுப் படி இறங்காத சுலோச்சனா டீச்சர், திறப்பு விழா அன்று, நீ வரைந்து கொடுத்தபடி சங்கம் கட்டிய சரிவுப் பாதையில் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு ரோடு வரை வந்தாராம். வந்ததும், "அளவெடுத்துட்டுப் போன பொண்ணு எங்கே?" என்று கேட்டாராம். என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் சேட்டன், "அவளுக்கு வர இஷ்டமில்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு டீச்சர் முகம் வாடிவிட்டதாம்.

டீச்சர் வீட்டுக்குத்தான் போகிறேன். வரவிடாமல் செய்தது நான்தான் என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஆனால் அந்த நாளை உனக்குத் திருப்பித் தர என்னால் முடியாது.

அம்மா

கேஸ்காரர் வந்தால் சிலிண்டரை உள்ளே வைக்கச் சொல்.

இன்னொன்று. நேற்று நீ கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது நான் வெளியேதான் நின்றிருந்தேன். இரண்டு தடவை கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தைரியம் வரவில்லை, மோளே.