ஜொலி பெடலர்ஸ் தட்டில் பதில் சொன்ன பிள்ளை

என் ரெஜி மச்சானுக்கு,

தட்டு கிடைத்துவிட்டது.

சுகம் விசாரித்து, இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும். உனக்கு அதற்கெல்லாம் பொறுமை இருந்ததில்லை. போன் எடுத்தால் ஹலோவுக்கு முதலே "கிடைச்சதா?" என்றுதான் கேட்பாய். ஆகவே முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். உன்னை அடக்கம் செய்தபோது கிரானில் எங்கள் வயல்வட்டையில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. இப்போது கதிர் தள்ளியிருக்கிறது. ஒரு போகம் பொறுத்திருக்கக் கூடாதா நீ?

இதை மற்றவர்களும் வாசிக்கப்போகிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று கோபிக்காதே.

ரெஜி மட்டக்களப்பு டவுனில் பிறந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியன். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் நானும் அவனும் ஒரே கிளையில் வேலை பார்த்தோம். அவன் வீட்டில் பெரியவர்கள் போர்த்துக்கேயம் கதைப்பார்கள், சண்டை வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார்கள். தமிழில்தான் ஏச வசதி என்று அவனே சொல்லுவான். அவன் மனைவி ஸ்டெல்லா என்னை முதல் நாளிலிருந்தே அண்ணன் என்று கூப்பிட்டாள். அப்படித்தான் ஒரு பறங்கியன் எனக்கு மச்சான் ஆனான்.

பென்சன் எடுத்த பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே பொழுதுபோக்கு 'கறுப்புத்தட்டு' என்ற வட்ஸ்அப் குழு. அறுபதுகளில் இலங்கையில் வந்த தமிழ்ப் பொப் இசைத்தட்டுகளைப் பற்றிக் கதைக்கிற குழு அது. பெரிய பாடகர்களின் பெயரை அங்கே எடுத்தால் சிரிப்பார்கள். ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டுக் கடை வைத்தவன், துபாய்க்குப் போனவன், குருவானவர் ஆனவன், இவர்கள்தான் அங்கே ராசாக்கள். நடுவில் ஒட்டிய காகிதம் சிவப்பா மஞ்சளா என்று ஒரு வாரம் சண்டை நடக்கும். பொங்கோ மேளம் அடித்தவன் வத்தளைக்காரனா நீர்கொழும்புக்காரனா என்று இரண்டு பேருக்குள் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. பேரப்பிள்ளையின் பிறந்தநாளை மறந்தாலும் தட்டின் இலக்கத்தை மறக்காத கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் நீ கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. "ஜொலி பெடலர்ஸ் போட்ட தட்டு ஆரிட்டயும் இரிக்கா?"

ஜொலி பெடலர்ஸ் என்பது சைக்கிளில் போய்க் கல்யாண வீடுகளில் பாடிய பொடியன்களின் குழு. ஒரு தட்டுத்தான் போட்டார்கள். அதன் பின்பக்கப் பாட்டில் ஒருவன் தன் காதலியிடம் எப்போ வருவாய், எப்போ வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பாட்டு முடிகிற இடத்தில்தான் ஒரு பெண் குரல் பதில் சொல்லும். காகிதத்தில் அவள் பெயர் இல்லை. வேறெந்தத் தட்டிலும் அந்தக் குரல் இல்லை. நீ தேடியது அந்தப் பதிலைத்தான்.

குழுவில் உன்னைப் பகிடி பண்ணினார்கள். காலை வணக்கம் போடுவதுபோல ரெஜி வந்து பெடலர்ஸைக் கேட்பான் என்றார்கள். ரொறன்ரோவில் இருக்கிற தணிகாசலம், யாழ்ப்பாணத்து மனுசன், குழுவில் எல்லோரும் பயப்படுகிற ஆள், அவர்தான் முதலில் உனக்குப் பதில் எழுதினார். அந்தப் பாட்டைத் தான் சின்னவயதில் ரேடியோவில் கேட்டதாகவும், கடைசியில் அந்தப் பெண் "மருகா" என்று முருகனைக் கூப்பிடுவதாகவும் சொன்னார். "உது காதல் பாட்டு இல்லை ஐயா, பக்திப் பாட்டு" என்று குரல் பதிவு வேறு அனுப்பினார். பொப் பாட்டில் முருகனை முதலில் அழைத்தது எந்தத் தட்டு என்று அடுத்த நாளே புதுச்சண்டை தொடங்கிவிட்டது.

அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையிலிருந்த தேத்தண்ணி சட்டையெல்லாம் கொட்டிற்று.

"பறங்கிப் பெட்டை, மச்சான். ஞாயிறு பூசையில பாடுறவள். அவள் எங்க முருகனக் கூப்பிட்டாள்?" என்றாய். பிறகுதான் சொன்னாய், அது ஸ்டெல்லா என்று.

பள்ளிக்கூடம் விட்ட வயதில், மாமா ஒருவரோடு கொழும்புக்குப் போன இடத்தில் பாட ஆள் இல்லாமல் அவளை மைக்குக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். பாடச் சொன்னது 'பிறகு வருவேன்' என்று. பிள்ளைக்குப் பயத்தில் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "மறுகா வாறன்" என்று பாடிவிட்டாள். மட்டக்களப்பில் நாங்கள் பிறகு என்று சொல்லமாட்டோம், மறுகா என்றுதான் சொல்லுவோம். அதற்காக மற்ற ஊரார் எங்களைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. திரும்பப் பதிவுசெய்ய நேரம் இருக்கவில்லை. அப்படியே தட்டில் ஏறிவிட்டது. குழுக்காரன் ஏசினானாம். அதற்குப் பிறகு அவளை ஒருவரும் பாடக் கூப்பிடவில்லை. எழுதினால்தான் மறுகாவும் மருகாவும் வேறு வேறு, காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தணிகாசலத்தில் பிழை சொல்ல முடியாது.

இதைக் குழுவில் சொல்லிவிடு, எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள் என்றேன். நீ மாட்டேன் என்றாய்.

"சொன்னா எல்லாரும் என்னப் பாவம் பாப்பாங்க. பாவம் பாத்தா மறுகா ஒருத்தனும் என்னோட சண்டைக்கு வரமாட்டான்."

சுனாமி அன்று நீ பாண் வாங்க டவுனுக்குப் போயிருந்தாய். ஸ்டெல்லாவைக் கொண்டுபோன கடல் உன் அலுமாரியையும் கொண்டுபோனது. தட்டு அதற்குள்தான் இருந்தது. உன் மகள் ஷெரினின் கல்யாண வீடியோவும் அதற்குள்தான் இருந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து மகள் தன்னிடம் இருந்த ஸ்டெல்லாவின் படங்களைப் பிரதி எடுத்து அனுப்பினாள். நீ அவற்றைச் சட்டம் போட்டு மாட்டினாய். ஒருநாள் அவற்றின் முன்னால் நின்று சொன்னாய்: "படம் இரிக்கு மச்சான். சத்தம்தான் இல்ல. எனக்கு மறந்துபோகுது."

ஒரு முகத்தை மறப்பதைப் பற்றி ஆயிரம் பாட்டு இருக்கிறது. குரல் மறந்துபோகிறவனுக்கு யார் பாடி வைத்தார்கள்?

இனிப் புதினச் செய்திக்கு வருகிறேன். தட்டைக் கண்டுபிடித்தது வேறு யாருமில்லை, தணிகாசலம்தான். ரொறன்ரோவில் யாரோ ஒரு பெரியவர் காலமாகி, பிள்ளைகள் வீட்டைக் காலி பண்ணியபோது பழைய தட்டுகளை அள்ளிக்கொள்ளச் சொன்னார்களாம். அதற்குள் கிடந்திருக்கிறது. காகிதத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, "ரெஜி ஐயா, இஞ்சை பாருங்கோ" என்று எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் நீ இல்லை என்பது மனுசனுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. அந்தச் செய்தியை அழிக்கவும் இல்லை. அப்படியே கிடக்கிறது, வாசித்தால் விழுகிற இரண்டு நீலச் சரியும் விழாமல்.

பாட்டையும் அனுப்பினார். நான் உடனே அழுத்தவில்லை. உனக்கு முதல் நான் கேட்பது களவெடுப்பதுபோல இருந்தது. வயலுக்குப் போனேன், வந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன். பிறகு ஒரு பின்நேரம் முற்றத்தில் இருந்து கேட்டேன். ஒரே கரகரப்பு. அவன் கேட்கிறான், கேட்கிறான், மனுசனுக்கு அலுப்பே இல்லை. கடைசியில் அவள் வருகிறாள். மூச்சு விடுகிற நேரம்தான். மறுகா வாறன். அவ்வளவுதான் பாட்டு.

மச்சான், உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா மகளை வளர்த்தவள், மீன்காரனோடு வாயடித்தவள், கிறிஸ்மஸ் கேக்குக்கு முந்திரிகை வத்தல் வெட்டத் தந்துவிட்டு என்னை மேய்த்தவள். இந்தக் குரல் ஒரு சின்னப் பிள்ளையுடையது. மெல்லிய குரல், பயந்த குரல். இதுதான் அவள் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளை நாங்கள் மண்ணுக்குள் வைத்துவிட்டோம்.

குழுவில் பாட்டை யூடியூப்பில் ஏற்ற முடிவெடுத்தார்கள். கீழே விபரம் போடவேண்டும். பெண் குரல்: பெயர் தெரியாத கொழும்புப் பாடகி என்று ஒருவர் எழுதினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது ஸ்டெல்லா, ரெஜியின் மனைவி, அது மருகா இல்லை மறுகா என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ ஒளித்து வைத்ததை நான் சொல்லிவிட்டேன் என்று பார்க்காதே. பெயர் தெரியாத என்று அவளை எழுத விடுவேனா?

பிறகு தணிகாசலம் எழுதினார். மறுகாவை ஏற்றுக்கொள்கிறாராம், ஆகவே பிள்ளை மட்டக்களப்புத்தான். ஆனால் மட்டக்களப்பில் பாடத் தெரிந்த பிள்ளை ஒன்றுதானா, ஆதாரம் வேண்டும் என்றார். நீ இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பாய். ஆதாரம் இல்லாமல் ஒரு மத்தளக்காரன் பெயரைக் கூட நீ விட்டதில்லை.

அதனால் ஷெரினுக்குப் போன் அடித்தேன். விசயத்தைச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லி, பாட்டைப் போட்டேன். முடிந்தது.

"மகள், அம்மாவா அது?"

"தெரியல்ல அங்கிள். அம்மா இப்பிடிப் பாடி நான் கேக்கல்ல. அம்மாட குரல் இவ்வளவு மெல்லிசு இல்ல." அவள் அழத் தொடங்கினாள். "எனக்குத் தெரியல்லயே அங்கிள். என்ட அம்மாட குரல எனக்கே தெரியல்லயே."

நான் தோற்றுப்போனேன் என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் அங்கே தூரத்தில் ஓர் ஆணின் குரல் கேட்டது. ஷெரினின் புருசன், வெள்ளைக்காரன், தமிழில் ஒரு சொல் தெரியாது. குசினியில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தவன், சத்தம் கேட்டு அங்கிருந்தே கேட்கிறான், அவனுடைய ஆங்கிலத்தில்: நீ எப்போது பாட்டெல்லாம் பதிவு செய்தாய், எனக்குச் சொல்லவே இல்லையே?

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்ன நடந்தது, ஏன் அழுகிறாய் என்று கேட்பது எனக்குக் கேட்டது. அவனுக்கு அந்தப் பாட்டில் ஒரு லாப நட்டமும் இல்லை. சுனாமியும் தெரியாது, மறுகாவும் தெரியாது. தன் மனைவியின் குரல் மட்டும் தெரியும்.

நடந்ததை நடந்தபடி குழுவில் எழுதினேன். தணிகாசலம் கனநேரம் எழுதிக்கொண்டே இருப்பதாகக் காட்டியது. கடைசியில் வந்தது ஒரே வரி: "நான் மருகாவை விட்டிட்டன்." பாட்டு ஏறிவிட்டது. கீழே ஸ்டெல்லா, மட்டக்களப்பு என்று இருக்கிறது. கேட்டவர்கள் தொகை அதிகமில்லை, எல்லாம் எங்கள் கிழடுகள்தான். தட்டைத் தணிகாசலம் துவாயில் சுற்றி ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். உடையாமல் வரவேண்டும் என்று மண்டூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தேன். முருகன் இதில் வராமல் விடமாட்டார் போலிருக்கிறது.

ஆனால் மச்சான், எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அது என்னைச் சாப்பிட விடுவதில்லை.

ஞாயிறு தோறும் ஷெரின் உனக்குக் கோல் எடுப்பாள். நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். நீ பேசமாட்டாய். ஓம், சொல்லு, மறுகா, என்பதோடு சரி. அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குளிர், சந்தை விலை என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், நீ கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருப்பாய். "கதையன் மனிசா, பிள்ள காசு செலவழிச்சு எடுக்கிறாள்" என்று நான் ஏசுவேன். கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லுவாய்.

உனக்குத் தெரிந்திருந்ததா? உலகம் முழுக்கத் தேடிய குரல் கிழமைக்கு ஒரு தடவை உன் காதுக்குள் வந்து போகிறது என்று தெரிந்துதான் கண்ணை மூடினாயா? தெரியாமல் போயிருந்தால் அதை என்னால் தாங்க முடியாது. தெரிந்திருந்தால், பிறகு ஏன் தட்டைத் தேடினாய்? இதற்கு நீ பதில் சொல்லவேண்டாம், சொல்லவும் மாட்டாய். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

போன ஞாயிறு ஷெரின் பழக்கதோசத்தில் உன் இலக்கத்துக்கு அடித்துவிட்டாளாம். மணி போய்க்கொண்டே இருந்ததாம், வைக்க மனம் வரவில்லையாம். அன்று நான் வயலில் நின்றேன். போன் இங்கே மேசையில் கிடந்து அடித்திருக்கிறது.

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. அதை அணைய விடமாட்டேன், இலக்கத்தையும் சாகவிடமாட்டேன். இனி ஞாயிறு வயலுக்குப் போவதில்லை. அவள் அடித்தால் நான் எடுப்பேன். நான் வாயாடி என்று உனக்குத் தெரியும். சத்தியமாக ஒரு சொல்லும் பேசாமல், கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை உன் இடத்தில் இருந்து கேட்பேன்.

ஸ்டெல்லாவுக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
குணம்
கிரான்