அலமாரிக் கதவில் இருக்கும் உன் கணக்கு

மச்சான்,

பக்கத்து அறையில் மரவள்ளி வேகிறது. ஜப்பான்காரன் போய்விட்டான், அரிசி மெல்ல வர ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அங்கே குடியிருக்கும் அக்காவுக்குக் கிழங்கை விட மனம் வரவில்லை. வாடை மூக்கில் ஏறியதும் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டேன். உட்பக்கம் நீ சாக்கட்டியால் போட்ட கணக்கு இன்னும் இருக்கிறது. இடப்பக்கம் என் பெயர், வலப்பக்கம் உன் பெயர்.

நீ ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டு அளவை எழுதும் கிராணி. நான் ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். பிரிக்பீல்ட்ஸில் நமக்கு ஒரே அறை, ஒரே அடுப்பு. பங்கீட்டு அரிசி சுருங்கிக்கொண்டே வந்தபோது, நமக்குள் சண்டை வரக்கூடாதென்று, எந்த வேலைக்கு உடம்பு எவ்வளவு எரிக்கும் என்று சொல்லும் கலோரிப் புத்தகம் ஒன்றை ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கி வந்தாய். சண்டை போட்டவன் நான்தான். "நாள் பூரா நாற்காலில குந்திக்கிட்டு இருக்கிறவனுக்கு எதுக்குடா சோறு?" என்று கேட்டிருந்தேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். பசியும் சேர்ந்து கேட்டது.

நீ கோபப்படவில்லை. "சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு எரிக்கும் மச்சான். மூச்சு வரணும், நெஞ்சு அடிக்கணும், கை கால் சூடா இருக்கணும். அதுக்கு யாரு குடுக்கிறது?" என்றாய். முதல் வரியில் இருவருக்குமே 'சும்மா இருக்க' என்று எழுதினாய். அதற்குக் கீழே வேலைகள். எனக்குப் பட்டறை, உனக்கு ஆஸ்பத்திரி வரை நடை, அங்கே நாற்காலி வேலை. டயருக்குப் பதில் ரப்பர் குழாய் மாட்டிய சைக்கிளில் கிழங்கு மூட்டைக்காக நீ கிள்ளான் வரை போய் வந்ததைக்கூட விடவில்லை. கூட்டி வந்த விகிதப்படி பால் டின்னால் கஞ்சியை அளந்து ஊற்றுவாய். என் தட்டில்தான் எப்போதும் அதிகம். கணக்கே சொல்கிறதே என்று நானும் வழித்துத் தின்றேன்.

உனக்குக் கால் வீங்கியது, பிறகு காய்ச்சல் வந்தது. "நான்தான் இப்ப நடக்கலையே லா, அந்த வரிய அழிச்சிடு" என்று படுத்தபடியே சொன்னாய். நான் அழித்தேன். பன்னிரண்டாம் நாள் போய்விட்டாய்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் உன் இடத்துக்கு வந்திருக்கும் புதுக் கிராணி அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்தார். கதவைப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"அண்ணே, இதுல ஒரு தப்பு இருக்கே."

பட்டறை வேலைக்கென்று புத்தகம் சொல்லும் எண்ணிலேயே, அந்த நேரத்தில் சும்மா இருந்தாலும் எரிவது அடக்கமாம். அதைக் கழித்த பிறகுதான் முதல் வரியோடு கூட்ட வேண்டுமாம்.

"உங்களுக்குக் கழிக்காம விட்டுட்டாரு. ஒரே எரிப்ப ரெண்டு தடவ சேத்திருக்காரு, அதான் உங்க பங்கு கூடிப் போயிருக்கு. தெரியாம செஞ்சிருப்பாரு" என்றார்.

"அவனுக்கா தெரியாது?" என்று உன் பக்கத்தைக் காட்டினேன். அப்போதுதான் நானே சரியாகப் பார்த்தேன். சைக்கிளுக்கு நேரே பொடி எழுத்தில் கழித்திருந்தாய். ஆஸ்பத்திரி நாற்காலிக்கும் கழித்திருந்தாய். உன் பக்கத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

உன்னைக் கண்டபடி திட்ட வேண்டும் போலிருக்கிறது. வார்டு வார்டாக அளவு தவறாமல் எழுதியவனுக்கு என் ஒருவன் தட்டில் மட்டும் கை தவறுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டை மாற்றியிருப்பேன். மாற்றியிருப்பேனா? அந்தப் பசியில் என்னை நானே நம்பமாட்டேன். அது தெரிந்துதான் சொல்லாமல் இருந்தாய் போலும்.

இன்று பட்டறைக்கு லீவு. ஒரு வேலையும் செய்யாமல் அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு வருகிறது. நெஞ்சு அடிக்கிறது. கை கால் சூடாக இருக்கிறது. அதற்கு யார் கொடுத்தது என்று இப்போது எனக்குத் தெரியும், மச்சான்.