அறுபது தேளிக் குஞ்சுகள்

யாலா சதுப்பு ஓரம்,
ஞாயிறு, 18 மே 1997.

மொம்பாசா துறைமுகத்தில் வேலையிலிருக்கும் பெரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் தம்பி ஒபுராவின் மனைவி அவினோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தந்தி இதற்குள் கிடைத்திருக்கும். 'தம்பி ஏரியில் போய்விட்டான், சனிக்கிழமைக்குள் வா' என்று உங்கள் சித்தப்பா ஒதேரா அடித்தது அது. என்னை ஒரு வார்த்தை கேட்டு அடித்ததல்ல. அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வராதீர்கள். வீட்டுக்கு மூத்தவர் நீங்கள் வந்து முதல் மண்ணை வெட்டினால்தான் குழி தோண்ட முடியும். நீங்கள் வராதவரை இவர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

உடல் கிடைக்கவில்லை என்பதால் அதற்குப் பதிலாக வழக்கப்படி யாகோக் காயை வைத்துப் புதைத்துவிடலாம் என்கிறார்கள். சித்தப்பா ஆற்றோரத்து மரத்தில் ஒரு காயைப் பார்த்தும் வைத்துவிட்டார். 'நல்ல நீளம், ஒபுரா உசரத்துக்கு இதுதான் சரி' என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாராம். அந்த வாயில் புழுதான் விழும். உயிரோடு இருக்கிற மனிதனுக்குக் காயைப் புதைத்தால் அவன் எந்த வாசலுக்குத் திரும்பி வருவான்? பெயரே செத்துப்போன பிறகு ஆள் வந்து என்ன பயன்?

நடந்ததைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை காலை உங்கள் தம்பி வரிசையாக முள் கோத்த ஆயிரங்கால் தூண்டிலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். கூடப் போகும் ஒகிந்தாவுக்குக் காய்ச்சல். முந்தின நாள் முழுக்க நான் கோரைக்குள் இறங்கி ஊத்தாக் கூடை போட்டுப் பிடித்த தேளி மீன் குஞ்சுகளை இரைக்கென்று மஞ்சள் கேனில் விட்டுக் கொடுத்தேன். மொத்தம் அறுபது. மத்தியானம் காற்று அடித்தது. கரையில் நிறுத்தியிருந்த படகுகளே புரண்டன. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் யாரும் இல்லை. படகும் கிடைக்கவில்லை.

நேற்றுதான் கேன் வந்தது. சந்தைக்கு மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி தூக்கிக்கொண்டு வந்தாள். 'நாணல் தீவுப் பக்கம் மிதந்துச்சாம், எங்க கரையில மீன் பிடிக்கிற வாண்டேரா எடுத்தாராம், உன்னோடதான்னு குடுத்து விட்டாரு' என்றாள். வேறு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. என் கேன்தான். மூடியில் ஆணியால் நான் போட்ட துளைகள், கைப்பிடியில் என் பழைய லேசோத் துணியின் கிழிசல். அதைப் பார்த்ததும் அத்தை தரையில் விழுந்து அழுதார்கள். சித்தப்பா, 'படகு கவுந்தாத்தான் கேன் மிதக்கும், இனி என்ன சாட்சி வேணும்?' என்றார். உடனே ஆளை அனுப்பித் தந்தி அடிக்கச் சொன்னார்.

அவர்கள் கேனை வெளியே பார்த்தார்கள். நான் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். நீங்கள் சின்ன வயதிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டவர், இரை மீன் விவகாரம் மறந்திருக்கும். தேளி சாகாது. தண்ணீர் கொஞ்சமிருந்தால் போதும், மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டு கிடக்கும். ஆனால் பசித்தால் சும்மா கிடக்காது. கூட இருப்பதையே தின்னும். அதற்காகத்தான் பெரிசும் சிறிசும் கலக்காமல் விரல் நீளத்தில் ஒரே அளவாகப் பொறுக்கிப் போடுவேன். அப்படிப் போட்டாலும் இரண்டாம் நாள் வால் கடித்திருக்கும், மூன்றாம் நாள் பாதி இருக்காது.

அத்தான், ஆறாம் நாள் நான் எண்ணினேன். ஐம்பத்தெட்டு இருந்தது! ஒன்றுக்கும் வால் கடிபடவில்லை. எல்லாவற்றுக்கும் வயிறு உருண்டையாக இருந்தது. ஒன்றை அறுத்துப் பார்த்தேன், உள்ளே சோளக்களி.

தண்ணீரில் மிதக்கும் கேனுக்குள் களி எப்படி வரும்? ஒரு மனிதக் கை போட்டிருக்க வேண்டும். காற்றில் எங்கோ தீவில் ஒதுங்கி, தன் பங்குக் களியைக் கிள்ளிப் போட்டு இரையைக் காப்பாற்றியிருக்கிறார். அதன் பிறகு ஏரிக்கு அக்கரை நாட்டுக் காவல்காரர்கள் எல்லை தாண்டினாய் என்று பிடித்துப் படகோடு கொண்டுபோயிருப்பார்கள், கேனைத் தண்ணீரில் எறிந்திருப்பார்கள். நடக்காததா? ஒகிந்தாவின் அண்ணன் போன வருஷம் முப்பத்தேழு நாள் அக்கரைச் சிறையில் கிடந்துவிட்டு, இங்கே எல்லாரும் அழுது ஓய்ந்த பிறகு நடந்து வரவில்லையா?

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். 'மூளை கலங்கிப்போச்சு புள்ள உனக்கு. மீனு சாட்சி சொல்லி ஆம்பள திரும்பி வந்த கதை எங்க நடந்திருக்கு?' என்று சித்தப்பா கேட்டார். 'மீனைப் பத்தி மீனு பிடிக்கிறவகிட்ட கேளுங்க, சோத்துக்கு உக்காருறவங்க பேச வேணாம்' என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்னது தப்புத்தான். ஆனால் சொன்னது வாபஸ் இல்லை.

மொம்பாசா போகும் பஸ் செவ்வாய்க்கிழமைதான் வரும். ஓட்டுநரிடம் இதைக் கொடுப்பேன். அதற்கு முன் நாளைக்கு வாண்டேராவின் கரைக்கு நடந்து போய், எந்த இடத்தில், எந்த நேரம் எடுத்தார் என்று கேட்டு வருகிறேன். அவர் வாயால் சொன்னால் இவர்கள் நம்புவார்கள்.

செவ்வாய் காலை.

அத்தான், பஸ் இன்னும் வரவில்லை. மேலே உள்ளதைக் கிழித்துப் போட நினைத்தேன். கிழிக்கவில்லை. நான் எப்படி நம்பினேன் என்று ஒருவருக்காவது தெரியட்டும்.

நேற்று வாண்டேராவைப் பார்த்தேன். வலை தைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கேனை அவர் எடுத்தது நான் நினைத்ததுபோல் வெள்ளிக்கிழமை அல்ல. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எடுத்திருக்கிறார், காற்று அடித்ததற்கு மறுநாள். 'யாரு கேனுன்னு தெரியறதுக்கு நாலு நாளாச்சு தாயி. இவ்வளவு ஒரே அளவா பொறுக்கின இரைய நான் பாத்ததேயில்ல. ஒண்ணை ஒண்ணு தின்ன விட மனசு வரல. எங்க களியில தெனம் ஒரு உருண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்' என்றார்.

நல்ல மனிதர். அவரை அந்த இடத்திலேயே அடிக்க வேண்டும்போல் இருந்தது. 'ஏன்யா போட்டீங்க?' என்று மட்டும் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பெரியவர்களிடம் சொல்லவா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சித்தப்பா இன்றைக்கே மரத்தில் ஏறிவிடுவார். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடம் பொய் சொல்லி உங்களை அங்கேயே உட்கார வைக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தைக்குக்கூடச் சொல்லாதது. அந்தத் திங்கட்கிழமை அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, 'இன்னைக்கு வேணாம் அவினோ, நாளைக்குப் போறேன்' என்றார். நான்தான் விடவில்லை. 'நாளைக்குன்னா அது ஒண்ணை ஒண்ணு தின்னுட்டுக் கிடக்கும். அட்டைக்கு ரத்தம் குடுத்து, கை முழுக்க முள்ளு குத்தி நான் பிடிச்சது வேடிக்கை பாக்கவா?' என்று கத்தினேன். 'கொஞ்சம் களி போட்டு வையேன்' என்றார். 'மனுசனுக்கே களி இல்ல, மீனுக்குக் களி கேக்குதா?' என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். பானையில் மாவு இருந்தது அத்தான். இருந்தது. கோபத்தில் சொன்னேன்.

இனி வராதீர்கள் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. வாருங்கள். வந்து மூத்தவர் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். நேராக வராமல் புசியா எல்லை வழியாக வாருங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், துறைமுக அடையாள அட்டை இருக்கிறது, உங்களை உள்ளே விடுவார்கள். அக்கரையில் எத்தனை காவல் நிலையம் உண்டோ அத்தனையிலும் கேளுங்கள். பெயர் ஒபுரா, வயது முப்பத்துநாலு, இடது உள்ளங்கையில் தூண்டில் முள் கிழித்த தழும்பு. அப்படி யாரும் இல்லை என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே இல்லையென்றால் அடுத்த ஊரில் கேளுங்கள்.

சனிக்கிழமை தாண்டினால் தாண்டட்டும். சித்தப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வாசலில் வந்து நிற்கும்வரை தலையை மழிக்க நான் உட்காரமாட்டேன்.

கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும். உங்கள் பயணத்தை அவர் மெதுவாக நடத்தட்டும்.

இன்றுவரை உங்கள் தம்பி மனைவி,
அவினோ.