கொக்கின் மேல் ஒரு காட்டுக்கோழி

பன்னிரண்டாம் மாதம், 8

எட்டாம் நாள் பண்டிகைக் கஞ்சி அடிபிடித்துவிட்டது. அவர் கவனிக்கவே இல்லை.

"பதவி உயர்வுப் பட்டியல்ல என் பேர் இருக்காம். கூட வேலை பாக்குற பான் பார்த்துட்டு வந்து சொன்னான். அஞ்சாம் படி. கொக்கைப் பிரிச்சுடு."

ஆறு வருஷமாக அவருடைய அரசாங்க அங்கியின் மார்பிலும் முதுகிலும் பூத்தையல் கொக்கு. ஆறாம் படி அதிகாரியின் அடையாளம். ஐந்தாம் படிக்கு நீள்வால் வெள்ளைக் காட்டுக்கோழி. பறவையை மட்டும் மாற்றினால் போதும். சூரியனும் மேகமும் அலையும் எல்லாப் படிக்கும் பொது.

"ஆணை வந்தப்புறம் தைக்கலாமேங்க?"

"பேரரசரோட புத்தாண்டு அரசவைக்கு மூணு வாரம்தான் இருக்கு."

10

பூத்தையல் போட்ட பறவைத் துண்டுகளை வாங்கிவிட்டேன். முதுகுக்கு முழுசாக ஒன்று. மார்புக்கு இரண்டு பாதி – அங்கி நடுவில் திறப்பதால். கடையில் ஏனோ திருடுவதுபோல் நின்றேன்.

அவருடைய அக்கா வந்து பார்த்தார். "என்னடி வான்யி, கோழி வாங்கிட்டே! முட்டை எப்போ?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

13

கொக்கின் ஒரு காலைப் பிரித்தேன். அடியில் வெயில் படாத கருநீலம். கால் வடிவில். நின்றுவிட்டேன்.

சந்துக் கோடி வீட்டுக்காரர் தனக்குத் தராத பறவையை அணிந்தார். பிரம்படி. பிறகு மேற்குப் பாலைவனத்துக்கு நாடுகடத்தல். அந்தக் கதவில் இப்போது யாரும் புத்தாண்டுச் சிவப்புத் தாள் ஒட்டுவதில்லை.

காலைத் திரும்பத் தைத்தேன்.

20

இன்று புத்தாண்டு விடுமுறைக்காக அலுவலக முத்திரைகளைப் பூட்டிவிட்டார்கள். இனி ஒரு மாதம் எந்தக் காகிதமும் நகராது. ஆணை வரவில்லை.

"இனி எப்படிங்க வரும்?"

"அரசவை வாசல்லயே படிப்பாங்களாம். அங்க போய் ஊசி நூல் தேடச் சொல்றியா?"

பான் சொன்னான். பான் சொன்னான். படிக்காவிட்டால்? ஆறாம் படி வரிசையில் ஐந்தாம் படிப் பறவையோடு மண்டியிடுவார். வரிசைகளுக்கு நடுவே கண்காணிப்பாளர்கள் நடப்பார்கள்.

23

அடுப்புத் தெய்வத்தின் வாயில் இனிப்புப் பாகு பூசினேன். வருஷக் கணக்குச் சொல்ல வானுலகம் போகிறாயே, அங்கே எங்களைப் பற்றி எதையும் சொல்லிவிடாதே.

27

கொக்கு அப்படியே இருக்கட்டும். அதன்மேல் கோழி, தளர்ந்த நீளத் தையலில். ஒரே நூல். முனையை இழுத்தால் உதிர்ந்துவிடும். மடியில் விரித்து மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். உதிர்ந்தது.

முதல் மாதம், 1

அங்கியை மாட்டிவிடும்போதுதான் அந்த நூல்முனையைப் பற்றிச் சொன்னேன்.

"மாட்டிக்குவேன்னு முடிவே கட்டிட்டியா?"

கதவு சாத்திய சத்தம். அதன்பிறகுதான் – முதுகு! முதுகுப் பறவையின் நூல்முனை முதுகெலும்பின் நடுவில் தொங்குகிறது. அவர் கை எட்டாது. எப்படித் தோன்றாமல் போனது? மடியில் வைத்தே பார்த்தேன். மடியில் முதுகு ஏது.

மதியம். வரவில்லை. தெருவில் யார் நடந்தாலும் எனக்குக் காவலர்களாகத்தான் கேட்கிறது.

அதே நாள், மாலை

வந்துவிட்டார். மார்பில் கொக்கு. தோளைப் பிடித்துத் திருப்பினேன். முதுகிலும் கொக்கு.

ஆணை படிக்கவில்லை. மார்பில் இருந்ததைக் குனிந்தபடியே உருவிக் அங்கியின் கைக்குள் திணித்தாராம். கண்காணிப்பாளர் இரண்டு வரிசைக்கு அப்பால். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "அசையாதீங்க ஐயா. உங்க முதுகுல கோழி உக்காந்திருக்கு."

ஒரே இழுப்பு.

"யாருங்க அது?"

"அங்க திரும்பிப் பாக்க முடியுமா?"

 யாரோ ஒருவருக்குத் தெரியும். முதுகுக் கோழி அந்த ஆளிடம் இருக்கிறது.

இரண்டாம் மாதம், 4

அந்த முதுகுக் கோழியை யாரும் கொண்டுவரவில்லை.

ஐந்தாம் மாதம், 16

ஆணை வந்தது. உண்மையான ஆணை, முத்திரையோடு. இரண்டு முறை எனக்குப் படித்துக் காட்டினார். அக்கா பட்டாசு வெடித்தார்.

முதுகுக்குப் புதிய கோழி வாங்கித் தைத்தேன். முடித்த பிறகுதான் பார்க்கிறேன்: அடியில் கொக்கைப் பிரிக்கவில்லை. தையல் தளர்ந்தது. நூல்முனையை இந்த முறை அக்குள் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறேன்.

அவர் அணிந்து பார்த்தார். விரல் அந்த முனையில் பட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

கத்தரிக்கோல் மேசைமேல்தான் இருந்தது. வெட்டச் சொல்லவில்லை.